கண்டிச் சீமையில் ஒளிவுமறைவற்ற தொழிலறிவு

தொழில் இரகசியம் என்னும் சொற்றொடர் நம் மக்களிடையே வெகு காலமாக மதிப்புப் பெற்று வந்திருக்கின்றது. பரம்பரை வைத்தியர் தம் குளிகையின் சேர்மானத்தைப் பெற்ற மகனுக்குங்கூட மரணப் படுக்கையிலேதான் சொல்லுவார். சொல்லுமுன்னே நாவடங்கிப் போயின், அக்குளிகையும் அவரோடு சுடுகாடு சென்று சேரும். தம் கைப்பக்குவத்தில் ஒரேயொரு சரக்கை மட்டும் மருமகளுக்குச் சொல்லாது விடும் மாமியார்களைப் பற்றி நாம் இங்கு எழுதப் புகுந்தால் நம் வீட்டில் நமக்கு அமைதி இராது. அறிந்ததை மறைத்து வைத்தவனே பிழைப்பான், வெளியே சொன்னவன் கெடுவான் என்பது உலகத்தாரின் பொதுவான எண்ணம்.

இவ்வெண்ணம் எப்பொழுதும் சரியன்று என்பதற்குச் சான்று தேடி நாம் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. கண்டி மாநகரும் அதனைச் சூழ்ந்த மலைகளுமே போதும்.

1854ஆம் ஆண்டிலே கண்டியில் இரண்டு அமைப்புகள் தோன்றின. ஒன்று இலங்கைத் தோட்டத்துரைமார் சங்கம். மற்றொன்று, ஜோன் வாக்கர் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டவர் நிறுவிய இயந்திரக் கம்பெனி. அந்நாளிலே கண்டிக்குப் புகைவண்டி கிடையாது. 1867ஆம் ஆண்டிலேதான் அது மலையேறி வந்தது. மலைகளிலே தேயிலையும் கிடையாது, எங்கும் கோப்பிதான். இச்சங்கமும் இக்கம்பெனியும் ஒரே ஆண்டில் ஒரே ஊரிற் பிறந்தது தற்செயலாக இருக்கலாம். ஆயினும், ஒன்றின் வாழ்வு மற்றதன் வாழ்வோடு பின்னிக் கிடந்தது என்பது நம் துணிபு.

கோப்பிப் பழம் சிவந்து கனிந்ததும் காலந்தாழ்த்தாது அதன் சதையை அகற்றிக் கொட்டையைப் பிரித்தெடுத்தல் வேண்டும். தாமதித்தால் புளித்துக் கெடும். பற்கள் எழுப்பிய செப்புத் தகட்டைப் போர்த்த உருளையொன்று சுழன்று, பழத்தை ஓர் இரும்புத் தண்டோடு நெருக்கிச் சதையை உரித்தெடுக்கும். இடைவெளி சற்றே குறுகினால் கொட்டை வெட்டுண்டு விலை போகாது. சற்றே அகன்றால் உரியாத பழமே மறுபுறம் வந்து விழும். மழைக்காலத்துப் பழம் ஒரு பருமன், வெயிற்காலத்துப் பழம் வேறொரு பருமன். இவற்றையெல்லாம் பட்டறையிலே அமர்ந்து சிந்திக்கும் இயந்திரக்காரர் எங்ஙனம் அறிவார்? தோட்டத்திலே அதனை ஓட்டிப் பார்த்தவர் வந்து குறை சொன்னாலன்றி அறிய வழியில்லை. கடலுக்கப்பால் இருந்த பட்டறைக்குக் கடிதம் போய் மறுமொழி வருவதற்குள் அறுவடையே முடிந்துவிடும். கண்டியிலே இருந்த பட்டறைக்கோ, குறை சொல்ல வந்தவர் குதிரையிலேறி வந்து மறுநாளே திரும்பிவிடலாம். வாக்கர் கம்பெனிக்கு வாய்த்த முதற் செல்வம் இதுவே என்போம்.

துரைமார் சங்கமோ, கூடிப் பேசிக் கலைந்துபோகும் சங்கமாக இருக்கவில்லை. அதன் நடவடிக்கைகள் ஆண்டுதோறும் அச்சேறின. பின்னர் 1881ஆம் ஆண்டிலே, 'சிலோன் ஒப்சேவர்' பத்திரிகையை நடாத்திய பெர்குசன் குடும்பத்தார் 'ட்ரொப்பிக்கல் அக்ரிகல்சரிஸ்ட்' என்னும் மாத இதழைத் தொடங்கினர். உரம், கவ்வாத்து, பூச்சி, இயந்திரம் எனப் பயிர்த்தொழில் பற்றிய பல செய்திகளும் கடிதங்களும் அதிலே வெளியாயின. அவ்விதழ் பிற்காலத்தில் அரசாங்க விவசாயத் திணைக்களத்தின் கைக்கு மாறிப் பேராதனையிலிருந்து வெளிவரலாயிற்று.

துரைமார் இங்ஙனம் தாம் அறிந்ததைப் பிறருக்குச் சொல்லக் காரணம் யாது? அவர்கள் வள்ளல்களாயிருந்தமையால் அன்று. ஒரு தோட்டத்துக் கோப்பி அடுத்த தோட்டத்துக் கோப்பிக்குப் போட்டியாக இருக்கவில்லை. விலை இலண்டன் சந்தையிலே நிச்சயமாயிற்று. எதிரியோ பிரேசில், யாவா முதலிய தூர தேசங்களில் இருந்தான். அயல் தோட்டம் நல்ல சரக்கை அனுப்பினால் இலங்கைச் சரக்கு முழுவதற்கும் பெயர் உண்டாகும். கெட்ட சரக்கை அனுப்பினால் அனைவருக்கும் தலைகுனிவு. ஆகையால் அயலானுக்குச் சொல்லிக் கொடுப்பதனால் நட்டமில்லை, இலாபமே உண்டு என்பதை அவர்கள் கணக்குப் போட்டே கண்டனர்.

இதே கணக்கை இங்கிலாந்தின் கோர்ண்வால் பகுதிச் சுரங்கக்காரர் முன்னரே கண்டிருந்தனர். ஜேம்ஸ் வாட் என்பாரது நீராவி இயந்திரக் காப்புரிமை 1800ஆம் ஆண்டிலே முடிவுற்றது. 1811ஆம் ஆண்டு முதல், சுரங்கத்தில் நீரிறைக்கும் ஒவ்வோர் இயந்திரமும் குறித்த அளவு நிலக்கரிக்கு எவ்வளவு நீரை எவ்வளவு உயரம் தூக்கியது என்னும் கணக்கை ஜோயல் லீன் என்பவர் மாதந்தோறும் அச்சிட்டு எவரும் காணும்படி வெளியிட்டார். எந்த இயந்திரம் எவ்விதம் அமைந்தது, யார் கட்டியது என்பதெல்லாம் வெட்டவெளிச்சமாயிற்று. முப்பது ஆண்டுகளுக்குள் அங்குள்ள இயந்திரங்களின் சராசரி வேலைத்திறன் மும்மடங்குக்கு மேலாக உயர்ந்தது. நல்ல இயந்திரம் கட்டிய பொறியியலாளரை நாடி வேலை தானே வந்தது. அவருக்கு வேறு விளம்பரம் வேண்டியிருக்கவில்லை.

கண்டிக்குத் திரும்புவோம். நல்ல செய்தியைப் பகிர்தல் எளிது. கெட்ட செய்தியை மறையாது சொல்வதே அரிது. 1869ஆம் ஆண்டிலே கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூள் படிந்த நோயொன்று காணப்பட்டது. பேராதனைப் பூந்தோட்டத்தின் அதிபராயிருந்த துவெயிற்ஸ் என்பார் நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அஃது அதுவரை அறியப்படாத ஒருவகைப் பூஞ்சணம் என்று அங்குள்ள அறிஞர் பெயரிட்டனர். பின்னர் 1880ஆம் ஆண்டளவில் மார்ஷல் வார்ட் என்னும் இளம் தாவரவியல் அறிஞர் இங்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்தார். நோய் காற்றிலே பரவும் நுண்வித்துகளால் வருவது என்பதை அவர் ஐயந்திரிபற நிறுவினார். பற்றிய நோயைத் தீர்க்க மருந்து கூற அவரால் இயலவில்லை. அவருடைய அறிக்கைகள் அச்சிடப்பட்டன. ஏமாற்றமடைந்தோர் பலர். எனினும், தோட்டக்காரர் சிங்கோனாவிலும் தேயிலையிலும் துணிந்து இறங்குவதற்கு, கோப்பியை நம்பியிருத்தல் வீண் என்னும் அந்தக் கசப்பான அறிவும் துணைசெய்தது. அரசாங்கம் அவ்வறிக்கைகளைப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்குமாயின் எத்தனை குடும்பங்கள் இன்னும் ஒரு முறை கடன் வாங்கிக் கோப்பியே நட்டிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தேயிலைக்கு வழி காட்டியவர் ஜேம்ஸ் டெய்லர். 1852ஆம் ஆண்டிலே தம் பதினாறாம் வயதில் ஸ்கொத்லாந்திலிருந்து வந்து, ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்திலே தம் வாழ்நாள் முழுவதையும் கழித்தவர். பேராதனைப் பூந்தோட்டத்துக்குக் கல்கத்தாவிலிருந்து தேயிலை 1839ஆம் ஆண்டிலேயே வந்து சேர்ந்திருந்தது. அதனை வணிகப் பயிராக நிலைபெறச் செய்தவர் இவரே. 1867ஆம் ஆண்டிலே 19 ஏக்கரில் தேயிலை நட்டார். கொழுந்தைப் பதப்படுத்தும் வித்தையை அவர் எங்கே கற்றார்? இந்தியத் தேயிலைத் தோட்டங்களிலே பழகிய நோபிள், ஜென்கின்ஸ் என்னும் இருவர் அவருக்குச் சொல்லிக் கொடுத்தனர். கேட்டறிந்ததை வைத்துத் தம் பங்களாவின் விறாந்தையையே தொழிற்சாலையாக்கினார். வாடிய கொழுந்தை மேசை மீதிட்டுக் கையால் உருட்டி, களிமண் அடுப்பிலே கரித்தணலின் மேல் கம்பித் தட்டுகளில் வைத்து உலர்த்தினார். 1872ஆம் ஆண்டளவில், உருட்டுவதற்கென்று தாமே எண்ணிய இயந்திரமொன்றைக் கண்டியிலே செய்வித்தார். மறு ஆண்டிலே 23 றாத்தல் தேயிலை இலண்டனைச் சென்றடைந்தது.

அவ்விறாந்தைக்கு அயல் தோட்டத்தார் வந்து பார்த்தனர், கேட்டனர், கற்றுச் சென்றனர். டெய்லர் எவரையும் வாசலில் நிறுத்தவில்லை. அவர் பெருஞ்செல்வராகவும் இல்லை. வித்தையைப் பரப்பியவருக்கு அதனால் வந்த பொருள் சொற்பமே என்பதை வாசகர் மனத்திற் கொள்ள வேண்டும். பகிர்ந்ததன் பயன் எப்பொழுதும் பகிர்ந்தவன் மடியில் வந்து விழுவதில்லை.

பயன் யாரிடம் சென்றது? 1875ஆம் ஆண்டிலே இலங்கையில் தேயிலை நின்ற நிலம் ஏறத்தாழ 1,000 ஏக்கர். 1900ஆம் ஆண்டளவில் அது நான்கு இலட்சம் ஏக்கரை நெருங்கியது. கோப்பி இயந்திரம் செய்த வாக்கர் கம்பெனி கோப்பியோடு சேர்ந்து அழியாமல், தேயிலை இயந்திரங்கள் செய்யலாயிற்று. 1881ஆம் ஆண்டிலே கொழும்பிலும் காலூன்றியது. அசாமிலே தோட்டத்தொழில் பழகிய வில்லியம் ஜக்சன் அமைத்த உருட்டும் இயந்திரங்களும், காச்சாரிலே தோட்டம் நடாத்திய சாமுவேல் டேவிட்சன் பெல்பாஸ்ற் நகரில் செய்த 'சிறோக்கோ' உலர்த்தும் இயந்திரங்களும் இலங்கை மலைகளுக்கு வந்தன. அவர்கள் தம் இயந்திரங்களுக்குக் காப்புரிமை பெற்றிருந்தனர் என்பது மெய். எல்லாவற்றையும் திறந்து வைத்தாலே தொழில் வளரும் என்று நாம் வாதாட வரவில்லை. இயந்திரத்துக்குப் பூட்டு இருந்தது. ஆனால், கொழுந்தை எத்தனை மணி வாட்டுவது, எவ்வளவு அழுத்தி உருட்டுவது, எந்த வாசனை எழும்போது சூட்டுக்கு ஏற்றுவது என்னும் அறிவுக்குப் பூட்டு இல்லை. அவ்வறிவு பரவப் பரவ, இயந்திரம் வாங்குவோர் பெருகினர். பூட்டு வைத்திருந்தவரும் செழித்தனர்.

ஹந்தானை மலையிலே 1925ஆம் ஆண்டில் கட்டப்பட்ட பழைய தேயிலைத் தொழிற்சாலை 2001ஆம் ஆண்டு முதல் தேயிலை நூதனசாலையாக விளங்குகின்றது. கண்டியிலிருந்து இரண்டரை மைல் தூரந்தான். அப்பழைய இயந்திரங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுதல் நன்று. ஒரு தொழில் எங்ஙனம் ஒருவர் தோளின் மேல் ஒருவர் ஏறி நின்று வளர்ந்தது என்பது சொல்லாமலே விளங்கும்.

இனி, இக்கதையின் இருண்ட பக்கத்துக்கு வருவோம். மலைநாட்டுத் தமிழர் எவரும் இவ்வளவு நேரமும் இதனை எதிர்பார்த்திருப்பர்.

ஒளிவுமறைவில்லாத அந்த வட்டத்துக்குள்ளே இருந்தவர் யார்? துரைமாரும், இயந்திரக்காரரும், பூந்தோட்டத்து அறிஞரும், பத்திரிகாசிரியரும். தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாகவும் மாத்தளைக் காடுகளின் வழியாகவும் நடந்து வந்து, காட்டை வெட்டிக் கோப்பியும் தேயிலையும் நட்ட நம் மக்களுக்கு அவ்வட்டத்தில் இடமில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளும் பெண்ணின் விரல் நுனியில் இருந்த அறிவு ஒரு நூலிலும் அவள் பெயரால் ஏறவில்லை. எந்த மலை எப்பொழுது துளிர்க்கும், எந்த நிரையில் கொழுந்து தடித்து வங்கியாகிவிடும் என்பது அவளுக்குத் தெரியும், கேட்பாரில்லை. தொழிற்சாலையிலே புளித்த கொழுந்தின் வாசனையைக் கொண்டே பதம் சொன்னவர்களும் அப்படியே.

பெர்குசன் குடும்பத்தாரின் அச்சகத்திலிருந்து 'இங்கே வா' என்றொரு சிறு கைநூல் வெளிவந்தது. புதிதாக வந்த சின்னத்துரைமார் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தமிழ் கற்பதற்கென எழுதப்பட்டது அது. அந்நூலின் பெயரே அக்காலத்து நிலையைப் பூரணமாகச் சொல்லிவிடுகின்றது. தமிழ் அறிவும் துரைமாரிடையே பகிரப்பட்டது. ஆனால், கட்டளையிடுவதற்காகப் பகிரப்பட்டது. அறிவு மேலிருந்து கீழே கட்டளையாக இறங்கியது. கீழிருந்து மேலே ஏற ஏணி வைக்கப்படவில்லை.

ஏணியில்லாத இடத்திலே மக்கள் தெய்வத்தை நாடினர். தொழிற்சாலையின் சுழலும் இயந்திரத்தை ரோதை என்பர் தோட்டத்தார். அதற்கென ரோதைமுனி என்றொரு காவற்றெய்வத்தை அவர்கள் வணங்கி வந்துள்ளனர். இதனை அறியாமை என்று சிரிப்போர் உளர். இயந்திரம் எங்ஙனம் இயங்குகின்றது என்பதை எவரும் விளக்கிச் சொல்லாதபோது, அதன் வாரிலே கை சிக்காமலிருக்கப் படையலிட்டு வேண்டிக்கொள்வதைத் தவிர அவர்களுக்கு வேறென்ன பாதுகாப்பு இருந்தது என்று நாம் திருப்பிக் கேட்கின்றோம்.

டெய்லர் 1892ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் திகதி லூல்கந்துரத்திலேயே காலமானார். தோட்டச் சொந்தக்காரர் அவரை வேலையிலிருந்து நீக்கிச் சில காலமே ஆகியிருந்தது. அவருடைய உடலைத் தோட்டத் தொழிலாளர் இருபத்து நால்வர், பன்னிருவர் பன்னிருவராக முறைமாற்றி, மலைப்பாதை வழியே கண்டி மஹியாவ இடுகாடு வரை சுமந்து வந்தனர். தேயிலைத் தொழிலின் முன்னோடி என்று அவர் கல்லறையிலே பொறித்திருக்கின்றது. சுமந்து வந்தோரின் பெயர்கள் நமக்குக் கிட்டவில்லை.

இவ்வாறு வட்டத்தைக் குறுக்கிக் கொண்டதனால் தொழிலுக்கும் நட்டமே என்பது நம் கருத்து. வட்டம் விரிந்தபோது நிகழ்ந்ததைப் பார்த்தால் இது புலப்படும். 1925ஆம் ஆண்டிலே தேயிலை ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. ஏற்றுமதியாகும் தேயிலை மீது விதித்த சிறு வரியே அதன் வருவாய். எல்லாரும் பணங்கொடுத்தமையால் கண்டறிந்ததும் எல்லாருக்கும் பொதுவாயிற்று. இலைகளைச் சுருட்டித் தின்னும் புழுவொன்று தோட்டங்களைப் பாழாக்கியபோது, 1935ஆம் ஆண்டிலே அப்புழுவைக் கொல்லும் சிறு குளவியினத்தை யாவாவிலிருந்து வருவித்து விட்டனர். அக்காலத்தில் யாவா தேயிலையில் நமக்குப் போட்டி நாடு என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னர், விதையின்றித் தண்டிலிருந்தே வளர்க்கும் உயர்ந்த தேயிலை இனங்களை நிலையத்தார் தெரிந்தெடுத்து வெளியிட்டனர். '2025' என்னும் இலக்கமிட்ட இனம் அவற்றுள் பெயர்பெற்றது. இவ்வறிவு பெருந்தோட்ட வாசலோடு நிற்காமல் இரண்டு ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருந்த சிறு குடியானவர் கைக்கும் எட்டியது. இன்று இலங்கைத் தேயிலையின் பெரும்பங்கு சிற்றுடைமையாளரின் நிலங்களிலிருந்தே வருகின்றது. ஒரு காலத்தில் துரைமார் மட்டுமே அறிந்த வித்தை இது!

இரும்பு இயந்திரங்களின் காலம் போய்க் கணினிகளின் காலம் வந்துவிட்டது. கணினிக்கு இடும் கட்டளைகளின் தொகுதியை மென்பொருள் என்கிறோம். இக்கட்டளைகளை மறைத்து விற்பதே பெருங்கம்பெனிகளின் வழக்கமாயிருந்தது. அவற்றைத் திறந்து வைத்து, எவரும் படிக்கலாம், திருத்தலாம், பயன்படுத்தலாம் என்று விடுவதைத் திறமூல முறை என்பர். நம் நாட்டிலே இம்முறைக்கென 2003ஆம் ஆண்டில் லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் என்னும் அமைப்பு உருவாயிற்று. வெவ்வேறு கணினிகள் தம்முள் செய்தி பரிமாற உதவும் 'அக்சிஸ்-2' என்னும் மென்பொருளை உருவாக்குவதில், உலகளாவிய அப்பாச்சி அமைப்பின் கீழ், இலங்கை இளைஞர் பெரும்பங்கு கொண்டனர். 2004ஆம் ஆண்டு டிசம்பரிலே ஆழிப்பேரலை வந்து உயிர்களை வாரிச் சென்றபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவு செய்ய 'சஹானா' என்னும் மென்பொருளை நம்மவர் சில வாரங்களிலே உருவாக்கிப் பொதுவாக்கினர். பிற நாடுகளும் தம் பேரிடர்க் காலங்களில் அதனை எடுத்துப் பயன்படுத்தின.

அவ்வட்டத்திலிருந்தே 2005ஆம் ஆண்டில் சஞ்சீவ வீரவரண முதலியோர் டபிள்யூ.எஸ்.ஓ.2 என்னும் கம்பெனியைத் தொடங்கினர். மென்பொருளை இலவசமாகக் கொடுத்துவிட்டு எதை விற்றார்கள் என்று வாசகர் கேட்கலாம். கண்டி வாக்கரின் பட்டறையை நினைவுகூர்க. இயந்திரத்தை விட, அது பழுதுறும்போது ஓடிவந்து நிற்கும் கைதேர்ந்தவரே தோட்டக்காரருக்கு வேண்டியவராயிருந்தார். வங்கிகளும் அரசாங்கங்களும் இவர்களிடம் விலைகொடுத்து வாங்கியது அந்தக் கைத்தேர்ச்சியைத்தான். மறைக்காததனால் அக்கம்பெனி கெடவில்லை. 2024ஆம் ஆண்டிலே ஈ.கியூ.டி. என்னும் ஐரோப்பிய முதலீட்டு நிறுவனம் அதனைப் பெருந்தொகைக்கு வாங்கியது. அதனை உருவாக்கியவர் நாட்டிலே இருக்க, உடைமை கடல் கடந்தது நல்லதா தீயதா என்பது வேறொரு கட்டுரைக்குரிய பொருள்.

கண்டிக்கு அருகே, அன்று கோப்பி இலையை ஆராய்ந்த பூந்தோட்டத்துக்குச் சற்றுத் தொலைவிலே, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கின்றது. தோட்டப் பாடசாலைகள் ஐந்தாம் வகுப்போடு நின்ற காலத்தில், லயத்துப் பிள்ளை ஒன்று அங்கு கால் வைப்பதைக் கனவிலும் எவரும் நினைத்திரார். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியிருந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான். இன்று மலைநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் பல்கலைக்கழக வாசலை அடைகின்றனர். இன்னும் தொகையிற் குறைவுதான். கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்க ஆசிரியரில்லாத பாடசாலைகள் மலையடிவாரங்களிலே இன்றும் உள்ளன.

அப்பீடத்தின் கணினிப் பொறியியற் றுறையினர் தம் மாணவர் செய்யும் செயற்றிட்டங்களை அலுமாரியிலே பூட்டி வைப்பதில்லை. ஓர் ஆண்டினர் செய்ததை அடுத்த ஆண்டினர் எடுத்து ஆராயவும், வெளியூர்ப் பிள்ளை ஒன்று பார்த்துக் கற்கவும் வாய்ப்பாக, அவற்றை யாவரும் காணுமாறு திறந்து வைக்கின்றனர். ஒவ்வொரு செயற்றிட்டத்திலும் அதனைச் செய்த மாணவர்களின் பெயர்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன.